ஃப்ரிட்ஜுக்கு முன் ஒரு ஜோடிச் செருப்பு

"பெட்டியில் பழுது இல்லை. எர்த் இல்லை. பால் இருக்கிறது. இயக்கக் கூடாது."

ஆவடி சேக்காட்டில் ஒரு வீட்டுக்குப் போய்வந்த சர்வீஸ் கார்டின் அடியில் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது. கீழே ஸ்டெல்லா மேடத்தின் கையெழுத்து. தேதி 2018 ஜூன் 8. எட்டு என்ற எண்ணை மூன்று என்றும் படிக்கலாம். ஆனால் பக்கத்தில் வெள்ளி என்று கிழமை இருக்கிறது. அந்த மாதம் மூன்றாம் தேதி ஞாயிறு. ஆகவே எட்டுதான். அந்தக் கார்டின் நகலை அன்றே என் டைரியில் ஒட்டிவைத்தேன். இரகசியம் ஏதும் அதில் இல்லை. ஒரு ஃப்ரிட்ஜைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக, இதைவிட முழுமையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை என்பதுதான் காரணம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அம்பத்தூரில் புதிதாகச் சேரும் மெக்கானிக்குகளுக்கு வகுப்பு எடுக்கிறார். போன மாதம் போனில் பேசும்போது, சின்ன ஃப்ரிட்ஜுகளை நிறுவ இப்போது யாரும் போவதே இல்லை என்றார். கூரியர்காரர் கேட்டருகே வைத்துவிட்டுப் போகிறார். வாங்கியவர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவரே செருகிக்கொள்கிறார். கோளாறு வந்த பிறகுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள், அதுவும் தப்பான கோளாறுக்கு என்று சிரித்தார். அந்தச் சேக்காட்டுக் கதையை எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும் என்றார். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு. பிறகு ஐஸ் தொழிற்சாலை, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனியின் பெரிய குளிரூட்டும் நிலையம். அங்கே இயந்திரங்கள் ஆள் உயரத்துக்கு மேல். அவற்றுக்குத் தனி அறை, தனி ஒயரிங், தரைக்குள் தனிக் குழியில் எர்த். வீடு என்பதே என் அனுபவத்தில் இல்லை. அந்தக் கம்பெனி மூடியபின் நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். ஓய்வுபெறும்வரை அங்கேதான். கொரட்டூரிலிருந்து திருநின்றவூர்வரை என் எல்லை.

ஸ்டெல்லா மேடம் அங்கே இன்சார்ஜ். ஆவடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். கம்ப்ரஸரைப் பிரித்து அதன் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெஞ்சில் தொடங்கி மேலே வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மற்ற சென்டர்களில் வாடிக்கையாளரைப் 'பார்ட்டி' என்பார்கள். இவர் பெயர் சொல்லித்தான் பேசுவார். பெயர் தெரியாவிட்டால் கார்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு பேசுவார். மாலையில் நாங்கள் கொண்டுவரும் கார்டுகள் எல்லாவற்றையும் படிப்பார். 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால், எது சரியில்லாமல் இருந்தது என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

அவருடைய முறை ஒன்று எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. வீட்டுக்குள் போனதும் ஃப்ரிட்ஜைத் தொடக் கூடாது. வாசலில் நின்று அறையைப் பார்க்க வேண்டும். அடுப்பு எங்கே, ஜன்னல் எங்கே, தண்ணீர் எங்கே சிந்துகிறது, தரையில் யார் உட்காருகிறார்கள். அடுத்து பிளக் பாயிண்ட். பெட்டி கடைசியில். சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னார்: "அவங்க சொல்ற கம்ப்ளைண்டைப் பாருங்க கோதண்டம். ஆனா பழகிப்போனதை யாரும் கம்ப்ளைண்ட்டா சொல்ல மாட்டாங்க. அதையும் தேடிப் பாருங்க."

மெக்கானிக்குகள் நடுவே சின்ன ஃப்ரிட்ஜுக்கு மதிப்பில்லை. டப்பா என்போம். இடுப்பு உயரம், ஒரே கதவு, உள்ளே மூலையில் கையகல ஐஸ் அறை. மேடம் அதைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வார். பெரிய ஃப்ரிட்ஜை யாரும் மாடிப்படிக்கு அடியில் திணிப்பதில்லை, பீரோவுக்குள் வைப்பதில்லை, ஸ்டூல்மேல் ஏற்றுவதில்லை. சின்னது எங்கும் நுழையும் என்பதால் எங்கும் நுழைத்துவிடுகிறார்கள். அது உள்ளேயிருக்கும் வெப்பத்தை இரண்டு பக்கத் தகடுகள் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. பக்கங்களில் நாலு விரல், பின்னால் ஒரு சாண் இடம் விட்டால் அது மூச்சுவிடும். மேலே பூப்போட்ட துணியைப் போர்த்தி இரண்டு பக்கமும் தொங்கவிட்டால், அதற்குச் சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்தியது போலத்தான்.

கொரட்டூரில் ஏரிப் பக்கத்துத் தெரு ஒன்றில் நடந்ததைச் சொன்னால் மேடத்தின் போக்கு புரியும். மகளைத் தனிக்குடித்தனம் வைக்கிறார் ஒரு தகப்பனார். ஃப்ரிட்ஜுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, கற்பூரம் தயார். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் சுவிட்சைப் போட்டாக வேண்டும். ஆனால் பெட்டியை ஷேர் ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். படுத்து வந்த ஃப்ரிட்ஜைச் சில மணி நேரம் நிமிர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும். உடனே ஓடவிட்டால் கம்ப்ரஸரின் ஆயுள் அன்றே பாதியாகலாம். நான் இதை விளக்க விளக்க அவர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். மேடத்துக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"சார், குடித்தனம் வைக்கிறதுக்குத்தானே நல்ல நேரம்? கொஞ்சம் கல்கண்டை உள்ள வெச்சுக் கதவை மூடிடுங்க. குடிவந்தாச்சு. கரண்ட் சாயந்தரம் வந்தா போதும். வந்த பொண்ணை வாசல்லயே வேலை வாங்குவாங்களா?"

தகப்பனார் சிரித்துவிட்டார். கல்கண்டு உள்ளே போனது. அன்று மாலை நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். யாருடைய நம்பிக்கையும் கெடவில்லை, கம்ப்ரஸரும் கெடவில்லை. எனக்கு அது வரவே வராத திறமை.

இனி சேக்காடு.

வந்த புகார்: ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கமும் சுடுகிறது. கூப்பிட்டவர் சுமதி, எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவரின் அக்கா தேவி வந்திருந்தார். ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரே அறையும் சமையல்மேடையும்தான் குடித்தனம். வீட்டுக்காரர் முன்கட்டில்.

வாசலில் நின்று பார்த்தேன். சின்ன ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. மேலே மாவு டின், அதன்மேல் ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் மடித்த கோணிச் சாக்கு. சாக்கின்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஆண்கள் அளவு, நேராக அடுக்கி வைத்திருந்தது.

செருப்பு எதற்கு என்று கேட்டேன். சுமதி சாதாரணமாகத்தான் சொன்னார்: கதவைத் திறக்கும்போது கொஞ்சம் சுர்ரென்று இழுக்கும், செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றுமில்லை. அது புகாரில் இல்லையே என்றேன். அதற்குள் தேவி குறுக்கிட்டார்.

"கோயிலாண்ட செருப்பைக் கழட்டிட்டுப் போவாங்க. எங்க ஊட்ல இவ ஃப்ரிட்ஜாண்ட போட்டுக்கினு போவணும். அவ்ளோ பெரிய சாமி கீது உள்ள."

உள்ளே என்ன இருந்தது என்று கதவைத் திறக்காமலே சுமதி சொன்னார். தாய்ப்பால். திங்கட்கிழமைக்காகச் சிறிய எவர்சில்வர் டப்பாக்களில் எடுத்து, மூடி, பிளாஸ்திரி ஒட்டிக் கிழமை எழுதி வைத்திருந்தார். தேவி பாலாடையில் புகட்டிப் பார்த்து, குழந்தை குடிக்கப் பழகிவிட்டது. ஃப்ரிட்ஜ் வாங்கியதே இதற்காகத்தான். அது ஓடாவிட்டால் அவர் வேலைக்குப் போக முடியாது. திங்கட்கிழமை போகாவிட்டால் அவருடைய மெஷினில் வேறொருவரை உட்காரவைத்துவிடுவார்கள்.

பக்கங்கள் சுடுவது பழுதில்லை. இடமில்லாமல் செருகியதால் கூடுதலாகச் சுட்டது, அவ்வளவுதான். அவர்கள் பயந்தது பயப்பட வேண்டாததற்கு. பழகிக்கொண்டது உயிருக்கு ஆபத்தானதை.

பிளக்கைப் பிடுங்கினேன். எக்ஸ்டென்ஷனின் மூன்றாவது துளைக்குள் பித்தளையே இல்லை, வெறும் பிளாஸ்டிக் ஓட்டை. அதை ஒதுக்கிவிட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் டெஸ்ட் லாம்பை வைத்தேன். இது ஒரு ஹோல்டர், பல்பு, இரண்டு ஒயர். கரண்ட் வரும் துளையிலும் திரும்பும் துளையிலும் வைத்தால் பல்பு எரிந்தது. கரண்ட் துளையிலும் மேலே இருக்கும் பெரிய எர்த் துளையிலும் வைத்தால் எரிய வேண்டும். எரியவில்லை.

எந்த மின்கருவியின் உடலிலும் சிறு கசிவு இருக்கும். எர்த் ஒயர் அதை மண்ணுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எர்த் இல்லாவிட்டால் அது காத்திருக்கும், யாராவது தொடும்வரை. இன்றைக்குச் சுர்ரென்று இருப்பது, உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்த நாளில் ஆளையே பிடித்துக்கொள்ளும்.

மேடத்துக்குப் போன் போட்டேன். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்தார், காலிடையில் ஒரு தெர்மகோல் பெட்டியும் ஐஸ் பைகளும். போனில் நான் எர்த் இல்லை என்றும் பால் இருக்கிறது என்றும் இரண்டே செய்தி சொல்லியிருந்தேன். இரண்டுக்கும் தயாராக வந்திருந்தார். டப்பாக்களை ஐஸ் பைகளுக்கு நடுவே அடுக்கி, எங்கள் சென்டரில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்றைக் காலிசெய்து அதில் தனியாக வைக்கிறேன் என்றார். சுமதி தயங்கினார். ஆபீஸில் ஆம்பளைகள் இருப்பார்களே, அதைப் போய் அங்கே வைப்பார்களா என்று தேவி முகம் சுளித்தார். குழந்தையின் சாப்பாடு அது, சாப்பாட்டை வைக்கத்தான் ஃப்ரிட்ஜ் என்றார் மேடம். அங்கேயே நின்று கார்டில் அந்த நான்கு வாக்கியங்களை எழுதினார்.

பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். பெயர் பரமசிவம். வீட்டில் எர்த் இல்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. அவருடைய அப்பா கட்டிய வீடு, அந்தக் காலத்திலேயே எர்த் போட்டது, ஒயரை வேண்டுமானால் காட்டுகிறேன் என்றார். மேடம் ஒயரைக் கேட்கவில்லை.

"தண்ணி பைப்பை எப்ப மாத்துனீங்க சார்?"

இரண்டு வருஷம் ஆச்சு, பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு முழுக்க பிளாஸ்டிக், ஒரு சொட்டு ஒழுகாது என்று பெருமையாகச் சொன்னார். மேடம் குளியலறைக்குப் பின்பக்கம் போனார். சுவரிலிருந்து இறங்கிய செம்புக் கம்பி, பழைய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றில் கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தது. அருமையான முறுக்கல், பழைய கைவேலை. ஆனால் துண்டு முழங்கால் உயரத்திலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக். அந்தக் காலத்தில் மண்ணுக்குள் நீளமாக ஓடிய இரும்புக் குழாயையே எர்த்தாக நம்பிக் கட்டியிருக்கிறார்கள். குழாய்க்காரர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறார். அதில் வீட்டின் எர்த் அறுந்தது யாருக்கும் தெரியவில்லை.

"பைப் நல்லாத்தான் போட்டிருக்காங்க சார்," என்றார் மேடம். "தண்ணி வரும். கரண்ட் போவாது."

பரமசிவம் ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். நாங்கள் காத்திருந்தோம். அவர் பிளக் பாயிண்டோடு சிறிது நேரம் மல்லுக்கட்டிவிட்டு, எர்த் குடுத்தாச்சு, பார்த்துக்குங்க என்றார். டெஸ்ட் லாம்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. சுமதி குழந்தையை மேலே தூக்கிக் கொஞ்சினார். பரமசிவம் முன்கட்டுக்குக் கிளம்பினார்.

"பிளேட்டைக் கழட்டுங்க," என்றார் மேடம்.

எலக்ட்ரீஷியன் வெளியிலிருந்து புதிதாக எந்த எர்த் ஒயரையும் இழுக்கவில்லை என்பதை அவர் வாசலில் நின்றபோதே கவனித்திருக்கிறார். மெயினை அணைத்துவிட்டுப் பிளேட்டைக் கழற்றினேன். உள்ளே திரும்பும் ஒயருக்கும் எர்த் துளைக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு துண்டு ஒயர். லூப் என்பார்கள். இப்படிப் போட்டால் டெஸ்ட் பல்பு எரியும், ஏமாற்றும். காற்றடித்துக் கம்பத்தில் அந்தத் திரும்பும் கம்பி அறுந்தால், ஃப்ரிட்ஜின் உடல் முழுக்க வீட்டுக் கரண்ட் அப்படியே ஏறி நிற்கும். முன்பு சுர்ரென்று இழுத்தது. இப்போது அது எச்சரிக்கவும் செய்யாது.

எலக்ட்ரீஷியன் வருத்தப்படவில்லை. "ஊரெல்லாம் இப்டித்தான் மேடம் கீது" என்றார்.

மேடம் அவரோடு சண்டை போடவில்லை. அந்தத் துண்டைக் கட்டரால் வெட்டி அவர் கையிலேயே கொடுத்தார். குழாய் பதித்துத் தனி எர்த் போடத் தெரியுமா என்று கேட்டார். அவர் முகம் மாறியது. தெரியும், நல்லாவே போடுவேன், ஆனால் யார் போடச் சொல்கிறார்கள் என்றார். அதுதான் உண்மையும். எல்லோரும் பல்பு எரிந்தால் போதும் என்கிறார்கள்.

சிக்கல் பரமசிவத்திடம் வந்து நின்றது. பின்கட்டு முழுக்க போன வருஷம்தான் சிமெண்ட் போட்டார். வாடகைக்கு இருப்பவர்கள் வாங்கிய டப்பா ஃப்ரிட்ஜுக்காகத் தரையை உடைக்க மாட்டேன் என்றார். தேவியும் சமாதானத்துக்கு வந்துவிட்டார். திறக்கப்போவது தான் ஒருத்திதானே, செருப்பு போட்டுக்கொண்டு திறந்துகொள்கிறேன், விடுங்கள் என்றார். எல்லோரும் களைத்திருந்தோம். அந்த யோசனை எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

சுமதி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "அண்ணி, நீங்க போட்டுக்குவீங்க. இது அடுத்த மாசம் தவழும். மொதல்ல போய்ப் புடிக்கப்போறதே அந்தக் கதவைத்தான். இதுக்கு யாரு செருப்பு போடறது?"

அந்த வீட்டில் அன்று அதுவரை சொல்லப்பட்டதில் சரியான வாக்கியம் அதுதான். எங்கள் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. மேடம் சுமதியைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது.

தேவி ஒரு நிமிஷம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பின்கட்டு வாசலுக்குப் போனார். பரமசிவம் அங்கே தண்ணீர் மோட்டார் சுவிட்சருகே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். தரை ஈரம்.

"இன்னா ஓனரே, உன் மோட்டாருக்கும் அதே ஒயருதான?"

பரமசிவம் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். மோட்டார், அவர் மனைவியின் வாஷிங் மெஷின், கிரைண்டர், எல்லாம் அந்த அறுந்த இரும்புத் துண்டில்தான் போய் முடிந்தன.

"ரெண்டு வருசமா தெனம் காத்தால வெறுங்கால்ல வந்து தட்டிக்கினு கீற," என்றார் தேவி. "என் தம்பி செருப்பு ஒரு ஜோடி கீது. வேணும்னா எடுத்துக்கோ."

பரமசிவம் மெதுவாகப் பின்வாங்கி, அங்கே கிடந்த ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றார். நான் சிரிப்பை அடக்க வெளியே போக வேண்டியிருந்தது. மறுநாள் காலையிலேயே சிமெண்ட் தரை உடைந்தது.

சனிக்கிழமை அந்த எலக்ட்ரீஷியனே குழி தோண்டினார். மேடம் வேறொருவரை அழைக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது என்று நினைக்கிறேன். குழாயை மண்ணுக்குள் ஆள் ஆழத்துக்கும் மேலே இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து தடித்த செம்புக் கம்பியை மீட்டர் போர்டுக்கு இழுத்தார். அங்கிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை ஒயர். அவர் செம்பை முறுக்கி இணைத்த விதத்தைப் பார்த்து, "கை சுத்தம்" என்றார் மேடம். அந்த இரண்டு சொல்லுக்கு எலக்ட்ரீஷியன் மாலைவரை நிமிர்ந்தே வேலை செய்தார். கடைசியில் மேடம் இரவல் வாங்கிவந்த எர்த் டெஸ்டரால் அளந்தார். முள் நின்ற இடம் பிடித்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார். கசிவு வந்தால் தானே அணைக்கும் பிரேக்கர் ஒன்றையும் போர்டில் மாட்டச் சொன்னார். பரமசிவம் இப்போது எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

பெட்டியை இடம் மாற்றினோம். அடுப்புப் பக்கம் வேண்டாம். அங்கே சூடு ஒரு காரணம், உள்ளே ஓடும் வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பது இன்னொரு காரணம். புதிய சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் அப்படிப்பட்ட வாயுதான், அளவு குறைவு. குழாய் ஓட்டையாகாதவரை அதனால் தொல்லை இல்லை. ஐஸ் படிந்தால் கத்தியால் குத்திப் பெயர்க்கிறார்களே, அப்போதுதான் ஓட்டையாகும். அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்தால் ஐஸ் தானே விழும். ஜன்னலுக்கருகே, வெயில் படாத பக்கம் வைத்தோம். கால் திருகுகளைத் திருகி ஆட்டமில்லாமல் நிறுத்தினோம். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில். மேலே ஒன்றும் வைக்கவில்லை. பால் டப்பாக்களுக்குக் கதவுத் தட்டு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடேறும், உள்ளே பின்பக்கம் வையுங்கள் என்றார் மேடம். பெட்டியைக் காலியாக ஓடவிட்டு, உள்ளே நன்றாகக் குளிர்ந்தது என்று தெர்மாமீட்டரில் பார்த்த பிறகே சென்டருக்குப் போய்ப் பாலைக் கொண்டுவந்தார்.

பிறகு அவர் எப்போதும் கடைசியில் செய்வது. எல்லாக் கருவியும் சரி என்று சொன்ன பிறகு, தன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கோணிச் சாக்கைக் காலால் ஒதுக்கி, வெறுந்தரையில் நின்று, கைப்பிடியையும் பக்கத் தகட்டையும் புறங்கையால் தொட்டார். பின் கதவை முழுவதுமாகத் திறந்து மூடினார். தான் முதலில் தொடாத பெட்டியை அந்த வீட்டில் இருப்பவர்களைத் தொடச் சொல்ல மாட்டார். அளந்து பார்க்காமல் இப்படித் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தத் தொடுதல் சோதனை இல்லை, சாட்சி.

"இப்ப நீங்க," என்றார் சுமதியிடம்.

சுமதி வெறுங்காலோடு வந்து திறந்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். பக்கத் தகட்டைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சுடுதே மேடம் என்றார். சுடும், அப்படித்தான் இருக்கும், அதுக்குப் பழகிக்கலாம் என்றார் மேடம். தேவி குனிந்து அந்த ஜோடிச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் போட்டார். திங்கட்கிழமை சுமதி வேலைக்குப் போனார் என்று அதே வாரம் டைரியில் குறித்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்பு மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிரிவு விழா எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். கடைசி நாளிலும் மாலை வரை உட்கார்ந்து கார்டுகளைப் படித்தார். என்னுடையது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார், கதவின் ரப்பர் கேஸ்கெட் எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று எழுதவில்லையாம். பெரிய இயந்திரங்களோடு வாழ்ந்துவிட்டு வந்த எனக்கு, ஒரு வீட்டின் மூலையில் நிற்கும் இடுப்புயரப் பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்டியவர் அவர். என் டைரிகளில் வேறு எவர் பெயரும் இத்தனை முறை இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது சுமதியே போன் செய்தார். வேலப்பன்சாவடிக்கு வீடு மாறுகிறார்களாம். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அதே ஃப்ரிட்ஜ். டெம்போவில் நிற்கவைத்தே கொண்டுபோகிறோம், இருந்தாலும் எவ்வளவு நேரம் கழித்துப் போடலாம் என்று கேட்டார். சொன்னேன். புது வீட்டில் எர்த் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாக்காம இருப்பேனாண்ணா? எலக்ட்ரீஷியனைக் கூட்டுக்கினு போய்ப் பார்த்தேன். பல்பு எரிஞ்சுது. நான் ஒத்துக்கலை. பிளேட்டைக் கழட்டுன்னேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரி பார்த்தான். உள்ள லூப் இல்ல, பச்சை ஒயரு தனியா சுவத்துக்குள்ள போவுது."

எங்கே போய் இறங்குகிறது என்று கேட்டேன். பின்பக்கம் டைல்ஸ் போட்டு மூடியிருக்கிறது, வீட்டுக்காரர் ஊரில் இல்லை, வந்ததும் கேட்கிறேன், அதுவரைக்கும் ஃப்ரிட்ஜைப் போடப்போவதில்லை என்றார்.

இதை எழுதி முடிக்கும் இன்றுவரை அவரிடமிருந்து மறுசெய்தி இல்லை. பச்சை ஒயர் சுவருக்குள் போகிறது என்பதுவரை சுமதி பார்த்துச் சொன்னது. அது மண்ணைத் தொடுகிறதா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.